19 ஆட்டங்களில் 47 புள்ளிகள் எடுத்த பொட்டாஃபோகோ 2023 பிரேசில் லீகில் பட்டத்தை எங்கே கைவிட்டது?

கேள்வி
எழுதியவர்: மேற்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி விட்டபின் பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களைச் சேர்த்துக் கால்பந்துப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உலகக் கோப்பை வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மின்கம்பம் தவறாமல் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் ஏறிவிடும். ஆனால் அந்த நாடுகளுக்குள் மாதக்கணக்கில் நடக்கும் லீகைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டின் பிரேசில் முதல்நிலை லீகைப் பற்றித்தான் என் கேள்வி. அறியாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20 அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியில் ஒருமுறை என 38 ஆட்டங்கள் ஆடும். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1. இறுதியாட்டம் கிடையாது. 2003 முதல் இப்படிப் புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியனைத் தீர்மானிக்கிறார்கள். அதற்கு முன் பெரும்பாலும் நாக்-அவுட் ஆட்டங்களை வைத்தே தீர்மானித்தார்கள். 2023இல் மாநிலப் போட்டிகள் முடிந்தபின் ஏப்ரலில் லீக் தொடங்கி டிசம்பரில் முடிந்தது.

அந்த ஆண்டு ரியோ டி ஜெனிரோவின் பொட்டாஃபோகோ முதல் சுற்றின் 19 ஆட்டங்களில் 15இல் வென்று, 2இல் சமன் செய்து, 2இல் மட்டும் தோற்று 47 புள்ளிகள் எடுத்தது. இரண்டாமிடத்தை விட 13 புள்ளிகள் முன்னே நின்றது. அதற்கு முன் கடைசியாக அது லீக் பட்டம் வென்றது 1995இல். ஒரு காலத்தில் கரிஞ்சாவும் நில்டன் சான்டோஸும் ஜைர்சினோவும் ஆடிய அணி. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் ஒற்றை நட்சத்திரம். 28 ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்கள் ஆகஸ்டிலேயே நாள் எண்ணத் தொடங்கியிருப்பார்கள். டிசம்பர் 6 அன்று லீக் முடிந்தபோதோ பட்டம் பல்மெய்ராஸிடம் இருந்தது. பொட்டாஃபோகோ ஐந்தாமிடத்தில் நின்றது. இரண்டாம் சுற்றின் 19 ஆட்டங்களில் அது எடுத்தவை வெறும் 17 புள்ளிகள்.

நான் இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் உள்ளூர்த் தொடர் ஒன்றில் எங்கள் பையன்கள் இடைவேளையின்போது 3-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றின் வேகம் இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். முதல் பாதியில் அந்தக் காற்று எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது. கோல்கீப்பர் உதைத்த பந்தே எதிரணியின் பெனால்டி கட்டத்தில் போய் விழுந்தது. இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம். உதைத்த பந்து அந்தரத்தில் நின்று எங்களை நோக்கியே திரும்பி வந்தது. 4-3 என்று தோற்றோம். கடைசி விசிலுக்குப் பின் எங்கள் கோல்கீப்பர் கையுறையைக் கழற்றாமல், சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அருகில் போய் உட்கார்ந்தேன்; சொல்வதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான்: பொட்டாஃபோகோவின் அந்த 47 புள்ளிகளும் காற்றோடு ஆடி எடுத்தவையா? அல்லது நல்ல அணி ஒன்று ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் இடறியதா? "பதற்றம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடாமல் விளக்கமாக எழுதினால் பையன்களுக்கு எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: நீரோடிக்கரை (பொழியூர்)

மாஸ்டருக்கு வணக்கம். பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே மாநில எல்லை எங்கே போகிறது என்று எங்கள் கடற்கரை மணலில் யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. பந்து இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் டிராபிக்குக் கேரள ஆட்டக்காரர்கள் பலரைக் கொடுத்த கரை இது. 2023இன் பிரேசில் லீகை நான் ஏப்ரலிலிருந்தே பின்தொடர்ந்தவன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காற்றுக் கேள்விக்குப் பதில். அந்த 47 புள்ளிகள் காற்றில் வந்தவை அல்ல. ஏப்ரல் இறுதியில் மரக்கானாவில் ஃபிளமெங்கோவை 3-2 என்று வென்றார்கள். ஜூன் 25 அன்று, நடப்புச் சாம்பியனாக இருந்த பல்மெய்ராஸை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் டிக்கினோ சோரெஸ். ஜூலையில் போர்ட்டோ அலெக்ரேவுக்குப் போய், உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் ஆடிவந்த கிரேமியோவை 2-0 என்று வென்றார்கள். முதல் ஐந்து இடங்களைப் பிடித்த அணிகளில் மூன்றை எதிரணியின் மைதானத்தில் வைத்து வென்ற அணியை அதிர்ஷ்டத்தில் வந்தது என்று சொல்வது நியாயமாகாது.

என் கணிப்பில் முதல் விரிசல் களத்துக்கு வெளியில் விழுந்தது. பல்மெய்ராஸை வென்ற அதே வாரத்தில் பயிற்சியாளர் லூயிஸ் காஸ்ட்ரோ விலகி, கிறிஸ்டியானோ ரொனால்டோ ஆடிவந்த சவூதியின் அல் நஸர் அணிக்குப் போனார். இடைக்காலத்தைக் கிளப்பின் துணைப் பயிற்சியாளர் கிளாடியோ கசாபா நன்றாகவே சமாளித்தார். காஸ்ட்ரோ பழக்கிவிட்ட ஆட்டம் ஆட்டக்காரர்களின் காலிலேயே இருந்ததால் ஜூலை நடு வரை வெற்றிகள் தொடர்ந்தன. பிறகு புரூனோ லாஜே வந்தார். இதற்கிடையே ஆகஸ்டில் டிக்கினோவுக்கு முழங்காலில் அடிபட்டது. செப்டம்பரில் ஃபிளமெங்கோ, அட்லெடிகோ மினெய்ரோ, கொரிந்தியன்ஸ் என்று வரிசையாகத் தோல்விகள். அக்டோபர் தொடக்கத்தில் கோயாஸுடன் ஆடியபோது லாஜே, அணியின் முதன்மைக் கோல் ஆட்டக்காரரான டிக்கினோவை மாற்று இருக்கையில் உட்கார வைத்தார்; ஆட்டம் 1-1 என்று முடிந்தது, லாஜேயின் பணியும் அத்தோடு முடிந்தது. அடுத்துப் பொறுப்பேற்றவர் அந்த அணியின் பழைய ஆட்டக்காரரான லூசியோ ஃபிளாவியோ. நவம்பர் நடுவில் அவரையும் விலக்கிவிட்டுத் தியாகோ நூனெஸைக் கொண்டுவந்தார்கள். ஒரே லீகில் இத்தனை தலைகள் மாறினால் ஓர் ஆட்டக்காரன் யார் சொல்லைக் காதில் வாங்குவான்? கரைவலை இழுக்கும்போது ஏலேலோ சொல்கிறவர் பாதியில் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் ஃபிளாவியோவின் கீழ் ஃபுளுமினென்சேயையும் அமெரிக்கா மினெய்ரோவையும் வென்று 27 ஆட்டங்களில் 58 புள்ளிகளுக்கு வந்துவிட்டார்கள். அதன்பிறகு அவர்கள் ஆடிய ஆட்டங்கள் 11. அவற்றில் ஒன்றில்கூட வெல்லவில்லை: 6 சமன், 5 தோல்வி.

அந்தப் பதினொன்றில் ஒன்றை நான் நேரலையில் பார்த்தேன். பிரேசிலில் நவம்பர் 1 இரவு. நமக்குக் கேரளப் பிறவி நாளுக்கு மறுநாள் விடிகாலை. நில்டன் சான்டோஸ் மைதானத்தில் பொட்டாஃபோகோவும் பல்மெய்ராஸும் மோதின. எடுவார்டோ, சே சே, ஜூனியர் சான்டோஸ் ஆகிய மூவரும் அடித்த கோல்களால் 36ஆவது நிமிடத்துக்குள் 3-0. பட்டம் முடிவாகிவிட்டது என்று நினைத்துத் தேநீர் போட எழுந்தேன். இடைவேளைக்குப்பின் பல்மெய்ராஸின் 17 வயதுப் பையன் எண்ட்ரிக், தடுப்பாட்டக்காரர்களின் நடுவே புகுந்து ஒரு கோல் அடித்தான். 76ஆவது நிமிடத்தில் பொட்டாஃபோகோவின் நடுத்தடுப்பாளர் அட்ரியெல்சனுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அது சரியா தவறா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். கிளப்பின் உரிமையாளர் ஜான் டெக்ஸ்டர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே கொதித்துப் பேசினார். ஆனால் மாஸ்டர், அட்டைக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். பத்துப் பேரோடு ஆடிக்கொண்டே அவர்கள் 83ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்டியும் பெற்றார்கள். 3-1 அப்போது 4-1 ஆகியிருக்க வேண்டும்.

டிக்கினோ பந்தை வைத்தார். அந்த லீக் முழுவதும் அவர் அடித்தவை 17 கோல்கள்; அவரை விட அந்த இடத்தில் நிற்கத் தகுந்தவர் அந்த அணியில் எவருமில்லை. உதைத்தார், பல்மெய்ராஸின் கோல்கீப்பர் வெவர்டன் தடுத்துவிட்டார். தடுத்த பந்து மறுபக்கம் போனது. அடுத்த நிமிடமே எண்ட்ரிக்கின் இரண்டாவது கோல், 3-2. அந்த ஒரு நிமிடத்தில் அரங்கின் ஓசை இறங்கியதை என் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே கேட்க முடிந்தது. 89ஆவது நிமிடத்தில் ஃபிளாக்கோ லோபெஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் முரிலோ அடித்த கோலோடு 4-3. என் தேநீர் அடுப்பிலேயே வற்றிப்போயிருந்தது.

அதற்குப்பின் வாஸ்கோவிடம் 1-0. அடுத்து நவம்பர் 9 அன்று கிரேமியோவுடன் ஆட்டம். நில்டன் சான்டோஸ் மைதானம் இசை நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், அந்தச் சொந்த ஆட்டத்தை வாஸ்கோவின் மைதானமான சாவ் ஜனுவாரியோவில் போய் ஆட வேண்டியிருந்தது. பட்டத்துக்குப் போராடும் அணிக்கு இப்படிச் செய்யலாமா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அங்கும் 3-1 என்று முன்னே இருந்தார்கள். 36 வயது சுவாரெஸ் தனியாக மூன்று கோல் அடித்து 4-3 ஆக்கிவிட்டார். எட்டு நாட்களுக்குள் இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் இரண்டு கோலுக்குக் குறையாத முன்னிலை, இரண்டிலும் 4-3 தோல்வி.

இடறிய இடம் எது என்று கேட்டீர்கள். நான் அந்தப் பெனால்டியைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பெனால்டிக்குமுன் நான்கு மாதங்களாக அடித்தளம் ஆடிக்கொண்டிருந்தது என்பதையும் பையன்களுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.


பதில் 2
எழுதியவர்: தேயிலைச்சரிவு (மூணாறு)

நீரோடிக்கரை அண்ணன் எழுதியதைப் படித்தேன். பெனால்டியைப் பற்றிய அவருடைய முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. எஸ்டேட் கணக்குப் பிள்ளையின் மகன் என்பதால் எனக்கு எதையும் பேரேட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. இதையும் அப்படியே பார்த்தேன்.

இறுதிப் பட்டியல் இது: பல்மெய்ராஸ் 70, கிரேமியோ 68, அட்லெடிகோ மினெய்ரோ 66, ஃபிளமெங்கோ 66, பொட்டாஃபோகோ 64. ஐந்து அணிகள் ஆறு புள்ளிக்குள் அடங்கிவிட்டன. அந்த நவம்பர் 1 ஆட்டத்தை மட்டும் பொட்டாஃபோகோ வென்றிருந்தால் அதற்கு 67, பல்மெய்ராஸுக்கும் 67. மற்றவை மாறாதிருந்தால் பட்டம் 68 எடுத்த கிரேமியோவுக்குப் போயிருக்கும். அந்த ஒரு பெனால்டி கோலாகியிருந்தாலும் பொட்டாஃபோகோ சாம்பியன் ஆகியிருக்காது. ஒரு முடிவை மாற்றினால் பின்வரும் ஆட்டங்களின் மனநிலையும் மாறும் என்று அண்ணன் சொல்லலாம், அதை மறுக்கவில்லை. நான் சொல்வது கூட்டல் கணக்கை மட்டுமே.

இப்போது எல்லோரும் மறந்துவிட்ட மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். நவம்பர் 12 அன்று பிரகான்டினோவுடன் 2-2. நவம்பர் 26 அன்று சான்டோஸுடன் 1-1. நவம்பர் 29 அன்று கொரிடிபாவுடன் 1-1. மூன்றிலும் பொட்டாஃபோகோ முன்னிலையில் இருந்தது. மூன்றிலும் ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் வாங்கிச் சமன் ஆனது. கொரிடிபா ஆட்டம்தான் என் மனத்தை மிகவும் வருத்தியது. முறைப்படியான 90 நிமிடமும் முடிந்து, கூடுதல் நேரத்தில் டிக்கினோ பெனால்டியில் கோல் அடித்தார். ஆட்டக்காரர்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடுக்கோட்டிலிருந்து ஆட்டம் மீண்டும் தொடங்கியதுதான் தாமதம், கொரிடிபா சமன் செய்துவிட்டது. அந்த அணி ஏற்கெனவே இரண்டாம் நிலைக்கு இறங்குவது உறுதியான அணி.

இந்த மூன்று சமன்களும் வெற்றிகளாக இருந்திருந்தால் பொட்டாஃபோகோவுக்கு மேலும் 6 புள்ளிகள் கிடைத்து 70 ஆகியிருக்கும். பல்மெய்ராஸுக்கும் 70. பிரேசில் லீகில் புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கையை. பல்மெய்ராஸின் வெற்றிகள் 20. பொட்டாஃபோகோவின் 18உடன் இந்த மூன்றும் சேர்ந்தால் 21. பல்மெய்ராஸிடமும் கிரேமியோவிடமும் அந்த 4-3 தோல்விகளை அப்படியே வாங்கிக்கொண்டே, இந்த மூன்று ஆட்டங்களை மட்டும் முடிக்கத் தெரிந்திருந்தால் அவர்கள்தான் சாம்பியன். இதைக் கண்டபோது பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. 2017இல் கொரிந்தியன்ஸும் முதல் சுற்றில் இதே 47 புள்ளிகள்தான் எடுத்தது. இரண்டாம் சுற்றில் அந்த அணியும் தளர்ந்து 25 புள்ளிகளே எடுத்தது. ஆனால் 72 புள்ளிகளோடு பட்டம் வென்றது. ஆகவே இரண்டாம் சுற்றில் வேகம் குறைவது தனிக் குற்றமில்லை. 25 வரை இறங்கலாம்; 17 வரை இறங்கியதுதான் விபரீதம்.

பல்மெய்ராஸை யாரும் பாராட்டவில்லையே என்பதும் எனக்குக் குறைதான். பயிற்சியாளர் அபெல் ஃபெரெய்ரா 2020இலிருந்து அங்கேயே இருந்தார். பொட்டாஃபோகோவில் தலைகள் மாறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அங்கே ஒரே குரல். எண்ட்ரிக்கை ரியல் மாட்ரிட் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தது. அப்படிப்பட்ட பையனைக்கூட அவசரப்பட்டு முன்னே தள்ளாமல், ஆண்டின் பெரும்பகுதி மாற்று ஆட்டக்காரனாகவே வைத்திருந்து, தேவை வந்தபோது முழுதாக இறக்கினார். கடைசி நாளில் மினெய்ராவோ மைதானத்தில் குருசெய்ரோவுடன் 1-1 என்று சமன் செய்து பட்டத்தை உறுதி செய்தபோதும் கோல் அடித்தவன் எண்ட்ரிக்தான்.

எங்கள் மூணாறில் எஸ்டேட் அணிகளுக்குள் நடக்கும் ஃபின்லே ஷீல்டு ஆட்டங்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அவை நாக்-அவுட், ஒருநாள் வீரம் போதும். உங்கள் பக்கத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் பந்தயங்களும் அப்படித்தான். லீக் வேறு வகை உழைப்பு. கொழுந்து எடுப்பதைப் போல அன்றன்றைய எடையை அன்றன்றே போட வேண்டும். நேற்றைய கூடையில் நிறைய இருந்தது என்று இன்றைய தராசில் சொல்ல முடியாது.


பதில் 3
எழுதியவர்: கணவாய் ரயில் (ஆரியங்காவு)

சான்டோஸுடன் ஆடிய அந்த 1-1 ஆட்டத்தை மேலே குறிப்பிட்டிருந்தார்கள். அதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். ஏனெனில் அதே ஆண்டின் இன்னொரு துயரம் அந்த ஆட்டத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது.

என் தந்தையார் 1977 செப்டம்பரில் கொல்கத்தாவில் பணியில் இருந்தார். ஈடன் கார்டன்ஸில் பெலேயின் காஸ்மோஸ் அணியும் மோகன் பகானும் 2-2 என்று ஆடிய ஆட்டத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர். சேறான மைதானத்தில் பெலே அதிகம் ஓடவில்லை என்றாலும், பந்து காலுக்கு வருமுன்பே அவர் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டதைக் கடைசிக் காலம் வரை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். அதனால் எங்கள் வீட்டில் பிரேசில் என்றால் சான்டோஸ்தான்.

பெலே 2022 டிசம்பர் 29 அன்று காலமானார். அவர் இல்லாத முதல் ஆண்டிலேயே, 1912இல் தோன்றிய அந்தக் கிளப் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. அதற்கு முன் ஒருபோதும் இறங்காத அணிகளாக ஃபிளமெங்கோ, சாவோ பாவ்லோ, சான்டோஸ் ஆகிய மூன்றை எண்ணுவார்கள். அந்த மூன்று அன்று இரண்டாயிற்று. அக்டோபரில் இன்டர்நேஷனலிடம் 7-1 என்று தோற்றபோதே எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனாலும் நவம்பர் 26 அன்று பொட்டாஃபோகோவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் மெசியாஸ் அடித்த கோலால் ஒரு புள்ளி கிடைத்தபோது, தப்பித்துவிடுவார்கள் என்றே நம்பினேன்.

டிசம்பர் 6 அன்று கடைசி ஆட்டம், சொந்த மைதானமான விலா பெல்மிரோவில் ஃபோர்டலேசாவுடன். 1-0 என்று பின்தங்கி, அதே மெசியாஸ் சமன் செய்தார். வேறிடங்களில் பாஹியா அட்லெடிகோ மினெய்ரோவை 4-1 என்று வென்றது. வாஸ்கோ பிரகான்டினோவை 2-1 என்று வென்றது. சான்டோஸ் வென்றே தீர வேண்டும் என்ற நிலை. கோல்கீப்பர் ஜோவாவ் பாவ்லோ கோல் கம்பத்தை விட்டு முன்னேறியிருந்தார். ஃபோர்டலேசாவின் லுசெரோ வெகுதொலைவிலிருந்து உதைத்த பந்து காலியான வலைக்குள் உருண்டு போனது. 2-1. சான்டோஸ் 43, பாஹியா 44, வாஸ்கோ 45.

பொட்டாஃபோகோவிடமிருந்து இரண்டு புள்ளிகளைப் பறித்த அந்தக் கடைசி நிமிடக் கோல், பறித்தவர்களையும் காப்பாற்றவில்லை. தேயிலைச்சரிவு தம்பியின் பேரேட்டில் இந்த வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாஸ்டர், உங்கள் கோல்கீப்பரைப் பற்றி ஒரு சொல். ஜோவாவ் பாவ்லோ முன்னேறி நின்றது தவறில்லை. அந்த நேரத்தில் அந்த அணிக்கு வேறு வழி இல்லை. உங்கள் பையன் எதிர்க்காற்றில் வாங்கிய நான்கு கோல்களையும் அவன் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.


மறுமொழி
எழுதியவர்: மேற்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நீரோடிக்கரை அண்ணன் சொன்ன தலைமை மாற்றமும் தேயிலைச்சரிவு தம்பி கூட்டிக் காட்டிய மூன்று சமன்களும் ஒன்றையொன்று மறுப்பவையாக எனக்குத் தோன்றவில்லை. முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தை எப்படி ஆடுவது என்பதை ஒரு பயிற்சியாளர்தான் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். பழக்கியவர் போனபின் மூன்று மாதம் அந்தப் பழக்கம் காலில் இருந்தது, பிறகு தேய்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தோல்வியிலும் குறை அங்கேதான் இருந்தது. காற்றுக்கு எதிராகப் பந்தைத் தரையோடு வைத்து ஆடும் பயிற்சியை நான் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

கோல்கீப்பர் பையனிடம் நேற்று பேசினேன். ஆரியங்காவு ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்தச் சிவப்பு அட்டை வாங்கின ஆள் அப்புறம் என்ன ஆனார், மாஷ்?" எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது சொல்ல முடியுமா?


பதில் 4
எழுதியவர்: நீரோடிக்கரை (பொழியூர்)

அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி, மாஸ்டர்.

அட்ரியெல்சன் அந்த லீக் முடிந்ததும் பிரான்சின் லியோனுக்குப் போனார். 2024இல் இரவல் ஆட்டக்காரராகப் பொட்டாஃபோகோவுக்கே திரும்பி வந்தார். அப்போது பயிற்சியாளர் போர்ச்சுக்கல்லின் ஆர்துர் ஜோர்ஜே. அந்த ஆண்டும் பொட்டாஃபோகோ முன்னே போய், நவம்பரில் குயாபா, அட்லெடிகோ மினெய்ரோ, விட்டோரியா என்று வரிசையாக மூன்று ஆட்டங்களைச் சமன் செய்து, பல்மெய்ராஸிடம் முதலிடத்தை இழந்தது. "சில காரியங்கள் பொட்டாஃபோகோவுக்கு மட்டும்தான் நடக்கும்" என்று பிரேசிலில் ஒரு சொலவடை உண்டு. அந்த வாரம் அதை எல்லோரும் மறுபடி எடுத்தார்கள். நானும் அந்த ஆட்டங்களைப் பார்க்க மனம் வராமல் ஒதுங்கியிருந்தேன்.

நவம்பர் 26 அன்று சாவோ பாவ்லோவில், பல்மெய்ராஸின் மைதானத்தில், இரண்டும் நேருக்கு நேர் மோதின. கிரெகோரே ஒன்று, சவரினோ ஒன்று என 2-0. பட்டத்தை இழந்த முந்தைய ஆண்டின் நினைவு எல்லார் தலையிலும் இருந்திருக்கும், எனக்கு இருந்தது. 88ஆவது நிமிடத்தில் மூன்றாவது கோல் விழுந்தது. அடித்தவர் அட்ரியெல்சன். பல்மெய்ராஸ் கடைசியில் ஒன்று திருப்பியும் 3-1 என்று முடிந்தது.

நான்கு நாள் கழித்து புவெனஸ் அயர்ஸில், தென்னமெரிக்கக் கிளப்களின் முதன்மைக் கோப்பையான லிபர்டடோரெஸின் இறுதியாட்டம். முதல் நிமிடத்திலேயே கிரெகோரே சிவப்பு அட்டை வாங்கினார். ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் பத்துப் பேரோடு ஆடி, அட்லெடிகோ மினெய்ரோவை 3-1 என்று வென்றார்கள். கடைசி நொடிகளில் மூன்றாவது கோலை அடித்தவர் ஜூனியர் சான்டோஸ். பல்மெய்ராஸிடம் தோற்ற அந்த 4-3 ஆட்டத்திலும் பொட்டாஃபோகோவின் மூன்றாவது கோல் அவருடையதுதான். டிசம்பர் 8 அன்று சாவோ பாவ்லோ அணியை 2-1 என்று வென்று 79 புள்ளிகளோடு லீகையும் எடுத்தார்கள்.


மறுமொழி
எழுதியவர்: மேற்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

மிக்க நன்றி அண்ணா. பையனிடம் சொன்னேன். "88ஆவது நிமிஷமா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டான்.

இந்தச் சனிக்கிழமையிலிருந்து பயிற்சியைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கரும்பலகையில் 3-1 என்று எழுதி மைதானத்து ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தை மட்டும் ஆட வைக்கிறேன். முன்னிலையில் இருக்கும் அணி பத்துப் பேர். காற்று அவர்கள் முகத்தில். பந்து உயரே போனால் விசில் ஊதி நிறுத்திவிடுகிறேன். முதல் இரண்டு முறையும் 3-3 ஆனது. மூன்றாவது முறை கையுறை போட்ட பையன் பந்தை உதைக்காமல், பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரனுக்குத் தரையோடு உருட்டிவிட்டான். 3-2 என்று முடிந்தது. விசில் ஊதியும் இன்னொரு முறை ஆடலாம் என்று கேட்டார்கள். வெளிச்சம் போய்விட்டதால் வீட்டுக்கு அனுப்பினேன்.